லென்ஸ் இல்லை என்றது கேமரா

அகோமானியா சந்தையில் மாலையாகக் கோக்கும் கண்ணாடி மணி விற்கும் பெண்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவள் மாம்லே. ஆட்களை எடுக்கமாட்டாள், மணிகளை மட்டும்தான். மணியை வெள்ளைத் துணியில் வைத்து, மூச்சை அடக்கி, உடம்பையே மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மை பிடிப்பாள். பார்ப்பவர்களுக்கு மணியின் காதில் ஏதோ கேட்கிறாள் என்றுதான் தோன்றும்.

அவளுடைய லென்ஸ் ஒரு பல் மருத்துவர் ஓய்வு பெற்றபோது விற்றது. முழுக்க உலோகம், கையால் திருக வேண்டியது, பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும். பழைய கேமரா செத்துப்போனதும் புதிய மிரர்லெஸ் வகைக் கேமரா ஒன்று வாங்கினாள். லென்ஸ் அதில் நேரடியாக உட்காராது. நடுவில் மாட்ட லேத் பட்டறையில் ஒரு வளையம் கடையச் சொல்லியிருந்தாள். அன்று காலையில்தான் வந்தது, சற்றுத் தடிமனாக. மாட்டிப் பார்த்தால் எதிர்க்கடை கலங்கலாகத் தெரிந்தது.

"மாம்லே, என் மூஞ்சி தெரியுதா?" என்று கத்தினாள் எதிரே புளித்த மாவில் அவித்த கென்கே உருண்டை விற்கும் அஃபி.

"பிசைஞ்ச மாவாட்டம் தெரியுதுக்கா."

"அப்ப சரியாத்தான்டீ தெரியுது!"

"மணி என்ன ரோட்டுக்கு அந்தப் பக்கமா நிக்கப்போகுது? கிட்ட தெரிஞ்சாப் போதும்."

அப்போதுதான் கோர்கோர் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி மணி செய்யும் ஆங்மோர். கோர்கோரின் உள்ளங்கையில் இரண்டு பெரிய மஞ்சள் மணிகள் இருந்தன. ஒன்று அவள் அண்ணன் வீட்டுப் பரம்பரை மணி. வயதுக்கு வந்த பெண்கள் மணி அணிந்து ஆடும் டிபோ சடங்கில் மகள் போட்டுக்கொள்ள இரவல் வாங்கியது. ஆட்டத்தில் உடைந்துவிடக்கூடாதே என்று ஆங்மோரிடம் ஒரு நகல் செய்யச் சொன்னாள். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கழுவினாள். அவ்வளவுதான், எது எதுவென்று தெரியவில்லை.

"புதுசைக் கொண்டுபோய்க் குடுத்தேன்னா எங்கண்ணன் என்னைத் திருடின்னுதான் சொல்லுவார். அந்த வாசலை மிதிக்க முடியுமா அப்புறம்? செஞ்ச இவருக்கே தெரியலையாம்!"

"ஒரே மாதிரி வேணும்னு நீதானேம்மா சொன்ன" என்றார் ஆங்மோர்.

"கொஞ்சம் மோசமாச் செஞ்சா என்ன கொள்ளை போச்சு உங்களுக்கு?"

மாம்லே மணிகளைத் துளை மேலே தெரியும்படி வைத்து, கேமராவை நெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். படம் விழவில்லை. நடுவில் இருந்தது மின்தொடர்பு இல்லாத வெறும் வளையம் என்பதால், லென்ஸ் இல்லை என்றது திரை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் இல்லை என்றது.

"முன்னாடி குண்டா நிக்குது, இல்லைங்குதே! இதுக்கும் கண்ணு போச்சா?" என்றாள் கோர்கோர்.

படம் விழாவிட்டாலும் திரையில் மணி தெரிந்துகொண்டுதானே இருந்தது. மாம்லே பெரிதாக்கும் பொத்தானைத் தொட்டாள். துளை ஒரு கிணறு அளவுக்கு விரிந்தது. அவள் மெல்ல முன்னே சாய, கூர்மை படும் இடங்களில் கேமரா காட்டும் சிவப்புக் கோடு துளையின் விளிம்பைச் சுற்றி வந்தது. முதல் மணியில் வட்டம் முழுதாக மூடியது. இரண்டாவதில் ஒரு பக்கம் அறுந்து உள்ளே இறங்கியது.

"அண்ணே, இங்க பாருங்க."

ஆங்மோர் குனிந்தார். "நூல் தேய்ச்ச பள்ளம்" என்றார். "கழுத்துல தொங்கித் தொங்கி ஒரு பக்கமாவே தேஞ்சிருக்கு. எத்தனை கழுத்தோ! என்னால இதைச் செய்ய முடியாதும்மா."

கோர்கோர் அங்கேயே தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துப் பழைய மணியில் கட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. அஃபி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று மாலையே அந்த மணி அண்ணன் வீடு போய்ச் சேர்ந்தது.

லென்ஸ் தெரியாவிட்டாலும் படம் எடுக்கச் சொல்லும் அமைப்பை மாம்லே பிறகு தேடிக் கண்டுபிடித்தாள். ஆட்டத்தன்று கேமராவோடு வந்திருந்தாள். தூரத்தில் பெண்கள் எல்லோரும் மஞ்சளும் நீலமுமாகக் கலங்கித் தெரிந்தார்கள். கோர்கோரின் மகள் ஆடிக்கொண்டே பக்கத்தில் வந்தபோது கழுத்திலிருந்த நகல் மணி ஒரு நொடி துல்லியமானது. மாம்லே அதை எடுத்தாள்.

கோர்கோர் மணியைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.