பூண்டு வாசத்துக்கு வந்த விருந்தாளி

வடக்கே கராடி என்ற இடத்துக்குக் குடிவந்து எட்டு மாதமாகிறது. காலிங் பெல் அடித்தால் டெலிவரி என்றுதான் அர்த்தம்.

இன்று ஒரு மாதத்துக்கான கார்லிக் பிரெட் செய்து, ஒவ்வொன்றாக ஃபாயிலில் சுற்றி ஃப்ரீஸரில் அடுக்கினேன். ருசி பார்க்க ஒன்றை மட்டும் தவாவில் வாட்டித் தட்டில் வைக்கும்போது பெல் அடித்தது.

எதிர் வீட்டு ஆன்ட்டி. கையிலிருந்த தட்டை நீட்டினேன். இரண்டடி பின்னால் போனார்.

“நாங்க பூண்டு சாப்பிடறதில்ல பேட்டா. வாசம் எங்க ஹால் வரைக்கும் வருது. ஜன்னலைக் கொஞ்சம் மூடிக்கோயேன்” என்றார் இந்தியில்.

ஸாரி சொன்னேன். அவர் உடனே போய்விடவில்லை. பெயர் கேட்டார். ஊர் கேட்டார். “தனியாவா இருக்கே?” என்றார். பத்து நிமிடம் வாசலிலேயே நின்று பேசினோம்.

ஃப்ரீஸரில் இனி இடமில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறும் கார்லிக் பிரெட்தான்.

ஜன்னலை மூடுவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.