யோலான் வாசல் அரளி

ஹங்கேரியில் டோக்காய்க் குன்றுகளுக்குக் கீழே இருக்கிற எங்கள் ஊரில் அரளியைத் தொட்டியில்தான் வளர்ப்போம். மண்ணில் வைத்தால் முதல் உறைபனியிலேயே கருகிவிடும். கோடை முழுக்க வாசல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும். குளிர் வந்ததும் நிலவறைக்குள் மதுப் பீப்பாய்களோடு போய்ப் படுத்துக்கொள்ளும். மே மாதத்தில் கடைசி உறைபனியைக் கொண்டுவரும் பனிப் புனிதர்கள் மூவரின் திருநாளும் கழியாமல் யாரும் வெளியே எடுக்க மாட்டோம். அவசரப்பட்டவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறோம்.

கிசெல்லாவும் எதிர்வீட்டு யோலானும் அக்காள் தங்கை மக்கள். அவர்கள் அத்தையின் செடியிலிருந்து ஒரே நாளில் ஒடித்த இரண்டு கிளைகள், ஒரே பாட்டிலில் வேர்விட்டவைதான் இருவருடைய அரளியும். தொட்டிகள்கூட ஒரே பீப்பாயை நடுவில் அறுத்துச் செய்தவை. அப்படியிருந்தும் யோலான் வாசலில் இலை தெரியாமல் பூக்கும். கிசெல்லா வாசலில் நாலு பூ எட்டிப்பார்த்துவிட்டுப் போகும்.

கிசெல்லா கவனிக்காதவள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைப்பாள். நிலவறைக்கு அனுப்புமுன் பூ வாடின காம்புகளையெல்லாம் நுனியோடு கத்தரித்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலைசீவின மாதிரி ஆக்கிவிடுவாள். யோலானோ சோம்பேறி. புருஷன் போனபிறகு வேலிக்கு வெள்ளைகூட அடித்ததில்லை. ஆனால் அவள் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும்.

கிசெல்லாவின் புருஷன் தெஜோ சாயங்காலம் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தால் நேரே வீட்டுக்கு வர மாட்டான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு யோலான் வாசலில் நிற்பான். தன் வாசல் பெஞ்சு காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்கக் கிசெல்லாவுக்கு வயிறு எரியும்.

“அங்க அப்படி என்னத்தக் கண்டீங்க?”

“பூவப் பாத்தேன்.”

“பூவையா, பூவுக்குப் பின்னால நிக்கிறவளையா?”

“பீப்பாய்க்குள்ள கொளுத்துற கந்தகத்த உன் நாக்குலயும் கொளுத்தி வச்சிருக்கியாடி? நம்ம வாசல்ல பூத்தா நான் ஏன் அங்க போறேன்?”

அந்த வார்த்தை அவளுக்குள் தைத்துக்கொண்டது.

அந்த வருடம் யோலான் நிலவறையில் தண்ணீர் ஊறிவிட்டது. “உன் செடிய எங்க நிலவறையில கொண்டாந்து வை” என்று தெஜோ தானாகவே சொல்லிவிட்டான். கிசெல்லாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த ஆத்திரத்தில் அவள் கத்தரிக்கோலையே எடுக்கவில்லை. “எல்லாத்தையும் எப்படியோ இழுத்துப் போடுங்க” என்றாள்.

குளிர்காலம் முழுக்க அவன் செம்பில் கொஞ்சம் தண்ணீரோடு கீழே இறங்குவான். ஏறி வந்ததும் முதல் பேச்சு, “யோலான் செடி ஒரு இலைகூட உதுக்கல.”

ஒருநாள் உருளைக்கிழங்கு எடுக்கப் போன கிசெல்லா, விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். ஒரே அடிமரம், ஒரே உயரம். அடையாளத்துக்குக் கட்டியிருந்த துணி தன்னுடையதில் சிவப்பு, யோலானுடையதில் நீலம். வேறு வித்தியாசமே இல்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டு, துணிகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினாள்.

ஆனால் கிசெல்லா செடி என்றால் கத்தரித்த செடி, ஊருக்கே தெரியும். அதனால் பனிப் புனிதர்கள் போனதும், வெளியே தூக்குவதற்கு முன்னால், இப்போது சிவப்புத் துணி கட்டியிருந்ததை ஒரு காம்பு விடாமல் நறுக்கினாள். கத்தரிக்காமல் கிடந்த மற்றது எதிர்வீட்டுக்குப் போனது.

ஜூலை வந்தது. யோலான் வாசலில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. கிளை தாங்காமல் வேலியில் சாய்ந்தது. கிசெல்லா வாசலில் வெறும் இலை. தெஜோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றான்.

யோலான் ஒரு தட்டில் ஆப்ரிகாட் கொழுக்கட்டையோடு தெருவைக் கடந்து வந்தாள்.

“அக்கா, உங்க நிலவறையில என்ன மந்திரம் வச்சிருக்க? என் செடி இப்படிப் பூத்ததே இல்ல!”

“நீதான் ஏதோ உரம் போடுற. சொல்ல மாட்டேங்கிற.”

“நானா? வெட்டக்கூட மாட்டேன். பழைய காம்பு நுனியிலதான மறுவருஷ மொட்டு வருது. அத்தை சொன்னாங்களே! ஓ, நீ அப்ப உள்ள பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்த.” அவள் சிரித்தாள். “சோம்பேறிக்குன்னே படைச்ச செடிக்கா இது.”

கிசெல்லா ஒரு கொழுக்கட்டையை எடுத்து முழுதாக வாயில் போட்டாள். அது என் செடி என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் துணி மாற்றியதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

மரங்களில் இலைகள் விழத் தொடங்கியதும் கிசெல்லா தானே தெருவைக் கடந்து போனாள். “இந்த வருஷமும் எங்க நிலவறையிலயே வச்சிரு, யோலான்.” அவள் இவ்வளவு இனிப்பாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“வேண்டாங்கா, சுவரு பூசியாச்சு. போன வருஷமே உனக்குத் தொந்தரவு.”

தெஜோதான் கைகொடுத்தான். தன் அரளி எதிர்வீட்டுப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி இருட்டுக்குள் போவதைக் கிசெல்லா வாசலில் நின்று பார்த்தாள்.

அவன் திரும்பி வந்து கத்தரிக்கோலை நீட்டினான். “இந்தா, உன் வேலைய முடி. தூக்கிரலாம்.”

அவள் அதை வாங்கி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “இந்த வருஷம் வெட்டல.”

“ஏன்?”

“கேக்காதீங்க. தூக்குங்க.”

தூக்குமுன் குனிந்து, சிவப்புத் துணிக்கு இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.