ஃப்ரிட்ஜில் வைத்த பேரிங்

என் கணவருடைய மோட்டார் சைக்கிளை நான் வெறுத்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. வண்டியை வெறுக்க என்ன இருக்கிறது, அது வெறும் இரும்பு. அந்த இரும்பைச் சுற்றி நாலு ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புனேயில் ஏரவாடா பக்கம் ஒரு மூன்று மாடி சொசைட்டியில், தரைத்தளத்தில் குடியிருந்தோம். கல்யாணமாகி கோயமுத்தூரிலிருந்து நான் வந்தபோதே அவருக்கு போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் வேலை. பகல் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலாவது சும்மா உட்காருவார் என்று நினைத்தேன். வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நேராக வண்டிக்குத்தான் போவார். அது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. ரெட்டை சிலிண்டர், ரெட்டை சைலன்சர். தயாரிப்பே நின்றுபோன மாடல். நின்றுபோனதாலேயே அதற்கு அத்தனை மவுசு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் அதே மாதிரி வண்டிகளில் வந்து இறங்குவார்கள். மூவரும் மராட்டிக்காரர்கள். அதில் பேங்க் ஆபீசர் ஒருவர்தான் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. என்னைப் பார்த்து "நமஸ்கார் வஹினி" என்று அண்ணி முறை சொல்லிக் கும்பிடுவார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் என் கணவரிடம், "காடி கஷி ஆஹே?" வண்டி சௌக்கியமா என்று அர்த்தம். வீட்டில் இருக்கிற மனுஷர்கள் சௌக்கியமா என்று அந்த ஆள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பிறகு நாலு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி ஸ்டார்ட் செய்வார்கள். ஓட்ட மாட்டார்கள், சத்தம் கேட்பதற்காக. ஒருத்தர் ஆக்ஸிலேட்டரைத் திருக, மற்ற மூவரும் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். இடது சிலிண்டர் கொஞ்சம் தயங்குகிறது என்பார் ஒருவர். இல்லை, அது சுகமாகத்தான் பாடுகிறது என்பார் இன்னொருவர். நீலப்புகை எழும்பி என் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வரும். காயப்போட்ட சேலையில் ஆயில் வாசம், பால் பாத்திரத்தில் ஆயில் வாசம், அவர் பக்கத்தில் படுத்தால் அவர் தலைமுடியிலும் அதே வாசம். எனக்குக் குமட்டும். வாயைத் திறந்து குமட்டுகிறது என்றே சொல்லியிருக்கிறேன். "பழகிரும்" என்பார்.

துணி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெட்ரோல் டேங்கைத் துடைக்கப் புதுத் துணி ஆகாதாம், கீறல் விழுமாம். துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்தித் துணிதான் வேண்டுமாம். நான் பெட்டியடியில் பத்திரமாக வைத்திருந்த மகளுடைய குழந்தைச் சட்டை ஒன்றை, மஞ்சள் நிறத்தில் சின்னப் பூப்போட்டது, ஒரு நாள் அவர் கையில் கரி அப்பிக் கசங்கிக் கிடக்கப் பார்த்தேன். இவ்வளவு மெத்தென்று ஒரு துணி கிடைத்ததே என்று பேங்க்காரர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்து பாத்திரங்களை டமால் டமால் என்று போட்டேன். வெளியே யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் மகளுக்கு ஏழு வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை அல்ல. காலையில் ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி, உயிருள்ளவரை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போடக் கற்றுக்கொடுத்தபோது கூடவே சொன்னாள்: மருந்துக் குப்பியை ஃப்ரிட்ஜில் வை, ஆனால் உறைய விடாதே, ஒரு தடவை உறைந்துவிட்டால் அது மருந்தே இல்லை, தூக்கிப் போட்டுவிடு. நான் அதை ஒரு நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டு வைத்தேன். அவர் அப்போது அறையில் இல்லை. ஊசியைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். எட்டு எம்.எம். போல்ட்டை ஒரே இழுப்பில் முறிக்கிற கை, மகள் தொடையில் ஊசி இறங்கும்போது முகத்தைப் பொத்திக்கொள்ளும். ஆகவே அந்த வேலை முழுக்க என்னுடையது. குப்பியை ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தேன்.

மகளுக்கு எட்டு முடிந்த வருஷம் நவராத்திரிக்கு முன்பு இன்ஜினை இறக்கிப் பிரித்தார்கள். உள்ளே பேரிங்கும் பிஸ்டனும் தேய்ந்துவிட்டன. ஆயுத பூஜைக்கு வண்டி ஓடியாக வேண்டும். நமக்கு ஆயுத பூஜை, மறுநாள் அவர்களுக்கு தசரா. வருஷா வருஷம் அந்த வண்டிக்கு இரண்டு நாளும் பூஜை உண்டு, முதல் நாள் நம் விபூதி, மறுநாள் அவர்களுடைய செண்டுமல்லி மாலை. தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுக்க மறந்த வருஷம் உண்டு. வண்டிக்கு இந்த மாலை தவறியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தால், ஃப்ரீசரில் பால் கவருக்குள் சுற்றிய இரும்பு வளையங்கள். கவரில் கிரீஸ் வழிகிறது. பக்கத்தில் நான் உரித்து வைத்த பட்டாணி.

"ஏனுங்க, இது சோறு திங்கற வூடா, பட்டறையா?"

"ஒரு ராத்திரிக்குத்தான் புள்ள. குளுந்து சுருங்குனாத்தான் பேரிங்கு கேஸுக்குள்ள உக்காரும். அடிச்சு எறக்குனா கேஸு ஒடைஞ்சு போயிரும்."

"ஒடையட்டும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். குழந்தைச் சட்டையைச் சொன்னேன், புகையைச் சொன்னேன். கடைசியில், இனிமேல் நீங்களாக வந்து பேசுகிறவரை நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை நால்வரும் என் சமையலறையில் நின்றார்கள். இன்ஜினின் அலுமினியக் கேஸை என் தோசைக்கல்லின் மேல் வைத்து, அடியில் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டிருந்தார்கள். சூடு போதுமா என்று பார்க்க பேங்க்காரர் அதன் மேல் துப்பினார். எச்சில் சுர்ரென்று ஓடி மறைந்தது. நால்வரும் தலையாட்டினார்கள். என் கணவர் ஃப்ரீசரிலிருந்து பேரிங்கை எடுத்து வந்து வைத்தார். அது டக்கென்று தானாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அந்த ஒரு சத்தத்துக்கு அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் தோசைக்கல்லை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, மகள் சீருடையோடு நிற்கிறாள், ஸ்கூல் ரிக்‌ஷா வர இன்னும் கால் மணி நேரம். டப்பாவைத் திறந்தேன். குப்பிக்குள் மருந்து வெள்ளைக் கட்டியாக நின்றது. ஃப்ரிட்ஜின் குமிழைப் பார்த்தால் முள் ஏழில் இருக்கிறது. பேரிங் நன்றாகக் குளிரட்டும் என்று கடைசி எண்ணில் திருப்பியவர் திரும்ப இறக்கவில்லை. தக்காளியும் கல்லாகிக் கிடந்தது.

அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். புதுக் குப்பி கேம்ப் என்கிற கடைத்தெருப் பக்கம் ஒரு மருந்துக் கடையில்தான் கிடைக்கும், இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் அடுத்த அறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் வாங்கி வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஓடியிருப்பார். ஆனால் சொல்வதற்கு நான் முதலில் பேச வேண்டும். மூன்றாவது நாள், அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்? குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். கட்டி கரைந்தது. ஓரத்தில் திரிதிரியாக ஏதோ ஒட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் உருட்டினேன். பிறகு ஊசியில் ஏற்றிப் போட்டேன்.

அன்று சாயங்காலமும் அதையே போட்டேன். செவ்வாயும் அதையே. மகள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். எட்டு வயதுப் பெண் படுக்கையை நனைத்தாள். சிறுநீரைச் சோதிக்கும் பட்டை கரும்பச்சையாக மாறியதைப் பார்த்துவிட்டு, கொலு வீடுகளில் தின்ற இனிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கு என் மேல் வருகிற அருவருப்பு, அந்த எச்சிலைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை.

புதன்கிழமை ஆயுத பூஜை. வண்டி பளபளவென்று வாசலில் நின்றது. விபூதிப் பட்டை, சந்தனம், இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். புது பிஸ்டன் போட்ட வண்டியை ஐந்நூறு கிலோமீட்டர் வரை விரட்டவே கூடாது, குழந்தையை நடத்துகிற மாதிரி நடத்த வேண்டும் என்று என் கணவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கற்பூரம் காட்டும்போது மகள் என் மேல் சாய்ந்து வாந்தி எடுத்தாள். தூக்கினால் கை கால் துவண்டது. மூச்சு வேகமாக, ஆழமாக வந்தது. வாயில் அழுகிய பழவாடை.

கற்பூரத் தட்டை அப்படியே தரையில் போட்டுவிட்டு அவர் வண்டியை உதைத்தார். நான் மகளை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அதற்குமுன் அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. வண்டி அலறியது. பாலத்தின் மேல் எல்லா வண்டியையும் தாண்டினார். வழியிலேயே இன்ஜினுக்குள் ஏதோ கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமும் இறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்கியதும், ஸ்டாண்ட் போடாமலே இறங்கி மகளை வாங்கிக்கொண்டு ஓடினார். பின்னால் வண்டி டேங்க் தரையில் மோத விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் மகள் பிழைப்பாள் என்று சொன்னார்கள். அன்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஹிந்தியில் விசாரித்தார். ஊசி தவறாமல் போட்டீர்களா? போட்டோம். மருந்தை எங்கே வைக்கிறீர்கள்? ஃப்ரிட்ஜில். உறைந்துபோனதா? உறைந்தால் அது வீண் என்று தெரியுமல்லவா?

என் கணவர் முகம் வெளுத்தது. அவருக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜின் குமிழைத் திருப்பியதை, எதற்காகத் திருப்பினார் என்பதை, தட்டுத் தடுமாறி ஹிந்தியில் சொன்னார். பேரிங் என்ற வார்த்தை வந்ததும் டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அத்தனை வருஷமாக நான் அவர் மேல் எறிந்துகொண்டிருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆப்னே தேகா தா? பரஃப்?" ஐஸ் கட்டியிருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"நஹீ" என்றேன்.

வராந்தாவில் அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதார். "என்ற புள்ளைய நானே கொல்லப் பாத்துட்டேன்" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். சனிக்கிழமையிலிருந்து அவரோடு பேசாமலிருந்த வாயால், "அழுவாதீங்க, தெரியாமத்தான பண்ணீட்டீங்க" என்றேன். அந்தத் தொனி இப்போதும் என் காதில் இருக்கிறது, தாராளமாக மன்னிக்கிற தொனி.

அடுத்த மாதம் பேங்க்காரரைக் கூப்பிட்டு வண்டியைக் கொடுத்துவிட்டார். ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளலாமே என்று அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். அதைப் பார்த்தால் தனக்குச் சோறு இறங்கவில்லை என்றார். நான் தடுக்கவில்லை. கூட்டாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றது. வீட்டில் புகை இல்லை, ஆயில் வாசம் இல்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஞாயிறு காலைகளில் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புனேயிலேயே வாகட் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிபோனோம். கார் ஒன்றும் வாங்கினார். அதை அவர் கழுவி நான் பார்த்ததில்லை, மழைதான் கழுவும். ஆனால் ஊசியைப் பார்க்கப் பயந்த மனுஷன், மகள் ஹாஸ்டலுக்குப் போகிறவரை, ஒரு காலைகூட விடாமல் ஒரு வேலை செய்தார். ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை எடுப்பார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, முன்பு வண்டியின் ஸ்பார்க் பிளக்கைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். திரி இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்து முடித்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வராது. அடுப்படியில் நிற்கிற என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்.

"நீயும் ஒருக்கா பாத்துரு புள்ள. நீ பாத்தா தப்பாது."

நான் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்குங்க என்று திருப்பிக் கொடுப்பேன்.