ஃபர்சானாவின் காந்தச் சுழிகள்

போன கிழமை நிலாவெளியில் ஒரு கலியாணம். சாப்பாடு முடிய, கோட்டுப் போட்ட பொடியன் ஒருவன் ஐஸ்கிரீமின் மேல் எதையோ ஊற்றினான். வெள்ளைப் புகை மேசையால் வழிந்தது. சனம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரவ நைதரசன் ஐயா அது! அதில் ஒரு போத்தலுக்காக ஒருத்தி பட்ட பாட்டைக் கண்ணால் கண்டனான்.

அப்போது நான் பல்கலைக்கழக வளாகத்துப் பௌதிக ஆய்வுகூடத்தில் உதவியாளன். கருவிகளைவிட என் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் கவனமாகப் பார்த்துக்கொண்ட காலம். குறிஞ்சாக்கேணிப் பிள்ளை ஃபர்சானா அங்கே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்தாள். நகத்தளவு பளிங்குத் துண்டில் பூசிய கறுப்பு மீகடத்திப் படலம் ஒன்று வைத்திருந்தாள். நன்றாகக் குளிர்ந்தால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் குட்டிக் குட்டிக் காந்தச் சுழிகள் உள்ளே புகுந்துவிடும். சுழிகள் ஓடத் தொடங்கினால் தடை வந்துவிடும். எவ்வளவு மின்சாரத்துக்கு அவை பிடி விடுகின்றன என்று அளப்பதுதான் அவளுடைய வேலை.

"பழுதில்லாத படலம் ஒண்டுக்கும் உதவாது அண்ணா. வடு இருந்தாத்தான் சுழி அதில மாட்டி நிக்கும்" என்பாள். எனக்கு அது விளங்கவே ஒரு வருசம் போனது.

படலத்தைக் குளிரவைக்கிற நைதரசன் இருந்தது கிண்ணியாவில், விந்தை உறைய வைத்து மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற இடத்தில். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம், அங்கேயும் வரத்து நின்றுபோனது. மாட்டு வைத்தியர் இரங்கிக் கடைசிப் போத்தலைக் கொடுத்தார். அவளுடைய பட்டப் பதிவு அந்தக் கிழமையோடு முடிகிறது. ஒரே ஒரு அளவீடுதான் பாக்கி. கடற்காற்றின் ஈரத்தில் படலமும் கெட்டுக்கொண்டு வந்தது. முக்காடு போட்ட பிள்ளை, மடியில் புகைகிற போத்தலோடு பஸ் ஏறினால் எங்கள் ஊரில் என்ன நடக்கும்? "குண்டோ தங்கச்சி?" என்று கேட்டுக் கொண்டக்டர் பாலத்தடியில் இறக்கிவிட்டான். முழு பஸ்ஸும் சிரித்ததாம். நடந்தும், லொறிக்காரனைக் கெஞ்சியும் வந்து சேர்ந்தாள்.

வாசலில் துறைத் தலைவர். பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர்.

"பிள்ளை, நல்ல நேரத்துக்கு வந்தீர். ஐயாவுக்குக் காந்தம் மிதக்கிறதைக் காட்டுவம்."

"சேர், இது அளக்கிறதுக்கு மட்டும்தான் காணும்."

"அட, கொஞ்சம்தானே!"

கொஞ்சமாம்! குளிர்ந்த மீகடத்தி வில்லை ஒன்றுக்கு மேலே காந்தம் மிதந்தது. பெரியவர் கை தட்டினார். பிறகு ஒரு ரோசாப் பூவை முக்கி நொறுக்கினார்கள். படம் வடிவாய் வரவில்லை என்று இன்னொரு பூ. கோதாரி, அதோடும் நிற்காமல் நிலத்திலும் ஊற்றிப் புகை பார்த்தார்கள்.

அடியில் மிஞ்சியதில் அவள் படலத்தைக் குளிர வைத்தாள். பாதி அளவீட்டிலேயே நைதரசன் வற்றி வெப்பநிலை ஏறியது.

"சுழியெல்லாம் ஓடுது சேர்."

தலைவர் திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இதுக்கேன் அழுறீர்? நாளைக்கு இன்னொரு போத்தல் எடும்."

நாளைக்கு எங்கேயும் இல்லை, மாதக்கணக்கில் இல்லை. அவள் கால நீடிப்புக் கேட்டாள். மாணவிக்கு ஆர்வம் போதாது என்று எழுதித் தலைவர் கையெழுத்து வைத்தார், பதிவும் போனது. மனிசனோ அந்தாள்!

இப்போது அந்த அறையில் போட்டோகொப்பி மெசின் நிற்கிறது. படலத்தைக் குப்பையோடு கூட்டி எறிந்துவிட்டார்கள். தலைவருக்கு நடந்த பிரியாவிடையில், காந்தத்தையே மிதக்கவிட்ட மேதை என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஃபர்சானா கிண்ணியாவில் ரியூசன் கொடுக்கிறாள். கலியாண வீட்டிலிருந்தே அவளுக்குப் போன் எடுத்தேன். பட்டத்தை முடித்திருக்கலாம் பிள்ளை என்று என் விசர் வாய் சொல்லிவிட்டது.

"முடிஞ்சதுதானே அண்ணா. அண்டைக்குக் கை தட்டினாங்க. அதுதான் எண்ட ரிசல்ட்."

வகுப்பு இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.