ஜூனில் வராத வாத்து

மணிவேல் ஓட்டுவது வாடகைக் கார். ரமணாசிரமம் பக்கத்து அறைகளில் தங்குகிறவர்களைச் சென்னை விமான நிலையத்தில் விடுவதும் கூட்டிவருவதும்தான் பிழைப்பு. ஒருமுறை ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர், இறங்கும்போது தன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் மனைவி வேதாவுக்குத் தெரிந்தது.

வேதா டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து மணிவேலின் பைக்கில் வீடு திரும்பும் வழியில் ஏரிக்கரையில் நிறுத்தச் சொல்வாள். கண்ணில் தூக்கம் சொக்கும். ஆனாலும் பைனாகுலரை முதலில் வாங்குவது அவள்தான். மழைக்காலம் முடிந்தால் ஏரி முழுக்க வாத்துகள். ஊசிவால், தட்டைவாயன் போன்ற வகைகள் கண்ணுக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. இருவருக்கும் சண்டை வந்தது ஒன்றே ஒன்றில்தான்.

வடக்கிலிருந்து வரும் சின்ன வாத்துகளில் நீலச்சிறகியும் கிளுவையும் ஏறக்குறைய ஒரே அளவு. நல்ல நிறம் வந்த ஆண் என்றால் குழப்பமில்லை. நீலச்சிறகிக்கு வெள்ளைப் புருவம். கிளுவைக்குச் செம்பழுப்புத் தலை, கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை. பெண் வாத்துகள்தான் பாடுபடுத்தும். இரண்டும் ஒரே மண்நிறம். அவர்கள் அந்த ஏரியில் பார்த்ததெல்லாம் நீலச்சிறகிதான். ஒருநாள் கூட்டத்தை விட்டு ஒதுங்கியிருந்த ஒன்றைக் காட்டி வேதா, "இது கிளுவைங்க" என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதான்."

"மூஞ்சப் பாருங்க. நீலச்சிறகிக்குக் கண்ணுல ஒரு கோடு, கன்னத்துல ஒரு கோடு, அலகுகிட்ட வெள்ளப் பொட்டு. இதுக்கு மூஞ்சி வெறுமையா இருக்குது."

மணிவேல் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைப்பதற்குள் அது தலையை இறகுக்குள் செருகிக்கொண்டது. மறுநாள் அதைக் காணோம்.

அந்தக் கோடையில் வேதாவுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. வேங்கிக்காலில் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்றிருந்தது. வேறு வழியில்லை, ஜூனில் கிளம்பினாள்.

அவள் போன பிறகுதான் மணிவேல் நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டான். சவாரி இல்லாத காலைகளில் கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். போனைப் பைனாகுலரோடு ஒட்டி வைத்து அவளுக்கு வீடியோவில் காட்டுவான். அங்கே அவளுக்குத் தெரிவது நடுங்கும் புள்ளிகள்தான்.

"ஒண்ணும் தெரியலங்க. உங்க மூஞ்சக் காட்டுங்க" என்பாள்.

லீவு வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் ஜூனில். வாத்துகளோ பங்குனி தாண்டினால் வடக்கே போய்விடும். அவை இருக்கும்போது அவள் இல்லை. அவள் வரும்போது அவை இல்லை.

இந்த வருடம் பொங்கலுக்கு லீவு கிடைத்தது. டிக்கெட்டும் போட்டாயிற்று. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி படுத்துவிட்டதால் கடைசி நேரத்தில் விடவில்லை. பொங்கல் கழிந்த ஒரு காலை மணிவேல் தனியாகப் போனான். மலை பனியில் பாதி மறைந்திருந்தது. மதகுப் பக்கம் கோரைக்குள்ளிருந்து ஒரு பெண் வாத்து வெளியே வந்தது. முகம் வெறுமை. வாலோரம் வெளிறிய கீற்று. அது தண்ணீரில் எழும்பிச் சிறகை உதறியபோது பச்சை பளிச்சென்று தெரிந்தது. சந்தேகமே இல்லை, கிளுவைதான்.

"இந்தா பாரு" என்று பைனாகுலரைப் பக்கவாட்டில் நீட்டினான். வாங்க ஆளில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். அவள் டியூட்டியில் இருந்தாள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். சொல்ல வேண்டாம், குவைத் ஒப்பந்தம் முடிந்து அவள் வந்ததும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் முடிவு செய்திருந்தான்.

"இன்னா இருந்துச்சு இன்னைக்கு?"

"நீலச்சிறகிங்கதான். ஒண்ணு மட்டும் சரியாப் புரியல."

"மூஞ்சி?"

அவளிடம் அவனுக்குப் பொய் வராது. "வெறுமையா இருந்துச்சு."

"வாலோரம்?"

"வெள்ளையா ஒரு கீத்து."

"றெக்க?"

"பச்ச."

"அப்ப பாத்துட்டீங்க" என்றாள். "எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டாள். மதகுக்கு எந்தப் பக்கம், கரையில் அவன் எங்கே நின்றான், வெயில் எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

ஜூனில் வந்தாள். வந்த மறுநாளே ஏரிக்குப் போகலாம் என்றாள். தண்ணீர் நடுவில் குட்டையாகச் சுருங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெடித்த சேறு, அதில் ஆடுகள். வேதா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மதகுப் பக்கம் இறங்கினாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் அந்தாண்ட."

நகர்ந்து நின்றாள். "இங்க?"

"அங்கதான்."

அவள் தரையைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். மணிவேலும் இறங்கிப் பக்கத்தில் போனான்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். போன்ல சொல்ல வாய் வரல" என்றாள்.

மணிவேல் அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டான். வெயில் உறைக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.