ரெண்டு நாள் சபர்

சனிக்கிழமை காலையில் நசீரா கண் விழித்தபோது அடுப்படியில் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அடுப்படிக்குள் போகிற ஆள் அவள் ஒருத்திதான். அவளோ இன்னும் பாயில் படுத்திருக்கிறாள்.

எழுந்து போய்ப் பார்த்தால் கலீல். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஒழுக, அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வாழை இலையில் அரைக்கிலோ ஆட்டுக்கறி. விடிவதற்குள் காந்தி மார்க்கெட் பக்கம் போய் வாங்கி வந்திருக்கிறான்.

"என்னங்க பண்றீங்க?"

"சமைக்கிறேன். பாத்தா தெரியல?"

"ஏன்?"

"பசிக்கும்ல, அதான்."

வேறொரு பெண்ணாக இருந்தால் சிரித்திருப்பாள், அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பாள். நசீராவுக்குப் பயம் வந்தது.

காரணம் அவளுடைய அத்தா. நசீராவுக்குப் பத்து வயசாகும்வரை அவர் வீட்டில் கத்தாத நாள் இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்று கத்துவார், இருந்தால் ஏன் இவ்வளவு என்று கத்துவார். திடீரென்று ஒரு வாரம் அன்பாகிவிட்டார். அம்மாவுக்குச் சேலை வாங்கினார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றிக் காட்டினார். எட்டாம் நாள் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். மூன்று வருஷம் கடிதம் வந்தது. பிறகு, அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி மட்டும் வந்தது. அம்மா ஷரீபா இதைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லுவாள்: "திட்டுனவரைக்கும் வீட்டுல இருந்தாரு. அன்பா பேச ஆரம்பிச்சாரு, போயிட்டாரு."

அதனால் நசீராவுக்குக் கோபக்கார ஆண்களைப் பார்த்துப் பயமில்லை. அன்பைக் கண்டால்தான் பயம்.

இதற்கு முந்தைய நாள் மாலையில் இன்னொன்றும் நடந்திருந்தது. கலீல் பாலக்கரையில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக். அவனோடு வேலை பார்க்கிற ஹபீபுல்லா வெள்ளிக்கிழமை வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். தென்னூரில் அந்த நேரத்தில் தெருவே இரைச்சலாக இருக்கும். கதவுக்குப் பின்னால் நின்ற நசீராவின் காதில் கலீல் சொன்னது துண்டுதுண்டாக விழுந்தது: "ரெண்டு நாள்... சபர்... அவகிட்ட இப்ப வேணாம்..."

சபர் என்றால் கடல் தாண்டிய பயணம். அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அத்தா போனதும் சபர்தான்.

ஆகஸ்ட் பதினைந்து அன்றைக்கு. ஐம்பத்தொன்பதாம் வருஷத்தில் சுதந்திர தினம் சனிக்கிழமையில் வந்ததால் கடைக்குச் சேர்ந்தாற்போல ரெண்டு நாள் லீவு. இந்த ரெண்டு நாளுக்குப் பிறகு என்ன ஆகப்போகிறது? அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

"நீங்க எந்திரிங்க, நான் பாத்துக்கறேன்."

"நீ உக்காரு. எனக்குச் சொல்லிக் குடு. இஞ்சி பூண்டு முதல்லயா, வெங்காயம் முதல்லயா?"

சொல்லிக்கொடுத்தாள். கலீல் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டான். மிளகாய்த்தூள் எந்தக் கரண்டியில், தேங்காய்ப்பால் எப்போது, கறி வெந்ததை எப்படிப் பார்ப்பது என்று, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி. தேங்காய்ச்சோற்றுக்கு அரிசி அளக்கும்போது கேட்டான்:

"ஒரு ஆளுக்குன்னா எத்தனை ஆழாக்கு போடணும்?"

நசீரா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நாம ரெண்டு பேரு."

"தெரியும். சும்மா ஒரு கணக்குக்குக் கேட்டேன்."

"ஒரு ஆளுக்கு நான் சமைச்சதில்லீங்க. எனக்குத் தெரியாது."

சோறு குழைந்தது, குழம்பு கரித்தது. கலீல் ரெண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "முதல் தடவைக்கு மோசமில்ல" என்றான். அப்படியென்றால் ரெண்டாவது தடவை எங்கே? அவன் தூங்கியபோது நசீரா கொடியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்துப் பையைத் துழாவினாள். பீடி, தீப்பெட்டி, ஒரு வால்வு டியூப், சின்ன கவரில் ஒரு போட்டோ. கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கலீல் நேராக முறைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி நாலு வருஷமாகிறது, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. இவன் மட்டும் தனியாக எதற்கு எடுத்துக்கொண்டான்? பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற அளவு.

அவள் கத்தவில்லை. போட்டோவைக் கவரில் போட்டு, கவரைப் பையில் போட்டு, சட்டையை அதே மடிப்போடு தொங்கவிட்டாள். நேராகக் கேட்டுவிட்டால் அவன் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். அந்தப் பயத்தோடு மிச்சக் கறியைச் சூடு பண்ணினாள் பாருங்கள், அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு பிசைகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கலீல் ஒரு லேடீஸ் சைக்கிளோடு வந்து நின்றான். வாடகைக்கு விடுகிற வண்டி. மட்கார்டில் கடை நம்பர் எழுதியிருந்தது.

"கிளம்பு. ஸ்ரீரங்கம் போயிட்டு வருவோம். டிபன் ஓட்டல்ல."

"திடீர்னு என்ன?"

"திடீர்னு இல்லாம, பத்திரிகை அடிச்சா கூப்பிடுவாங்க?"

அவள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தாள். துணி சக்கரத்தில் மாட்டாமல் இருக்க கலீலே முனையை இழுத்து அவள் மடியில் சொருகினான். டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிப்பார்கள் என்பதால் சத்திரம் பக்கம் இறங்கி நடந்து, பிறகு ஏறிக்கொண்டார்கள். பாலத்தில் ஆடிக்காற்று சைக்கிளை ஒரு பக்கமாகத் தள்ளியது. கீழே காவேரி கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதே சட்டை, அதன் பக்கப் பையில்தான் போட்டோ இருந்தது. அது விரலுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே வந்தது.

மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பி கிளப். பேமிலி ரூம் என்று துணித்திரை போட்ட ஒரு தடுப்பு. உள்ளே உட்கார்ந்ததும் சர்வர் வந்து திரைக்கு வெளியே நின்றார்.

"என்ன வேணும், சொல்லுங்கோ."

கலீல் நசீராவைப் பார்த்தான். "நீ சொல்லு."

"நானா? நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீயே சொல்லிப் பழகு."

எதற்குப் பழக வேண்டும்? நசீரா திரையைப் பார்த்து, "ரெண்டு ரவா தோசை" என்று முனகினாள்.

"எனக்குக் காதுல விழலை. தோசைக்கல்லுக்கு விழுந்திருந்தா சரி" என்றார் சர்வர்.

இந்தமுறை உரக்கச் சொன்னாள். சர்வர் போனதும் கலீல் சந்தோஷமாகத் தலையாட்டினான். "அவ்வளவுதான். இதுக்குப் போயி ஒரு ஆள் கூட வரணுமா?"

தோசை மொறுமொறுவென்று வந்தது. நல்ல தோசை, மிளகு முழுசு முழுசாக இருந்தது. நசீரா பாதியைக் கலீலின் தட்டுக்குத் தள்ளினாள்.

அங்கிருந்து கலீல் கொள்ளிடக்கரைப் பக்கம் வண்டியை விட்டான். ரெண்டு பக்கமும் வாழைத்தோப்பு, நடுவில் ஆள் இல்லாத வண்டிப்பாதை. இறங்கி, ஹேண்டில்பாரை அவள் பக்கம் நீட்டினான்.

"ஏறு. ஓட்டக் கத்துக்க."

"எனக்கெதுக்கு?"

"ஒரு அவசரம்னா?"

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன அவசரம்?"

அவன் சீட்டைத் தட்டிக் காட்டினான். துப்பட்டியை மடித்து ஒரு வாழைமரத்தடியில் வைத்துவிட்டு நசீரா ஏறினாள். முதல் தடவை வாய்க்காலுக்குள் போகப் பார்த்தாள். ரெண்டாவது தடவை கலீலின் காலில் ஏற்றினாள். அவன் நொண்டிக்கொண்டே, "பரவால்ல, இன்னொரு கால் இருக்கு" என்றான். பிறகு கேரியரைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவந்தான்.

"சக்கரத்தைப் பாக்காத. தூரத்துல பாரு. மிதி, நிறுத்தாம மிதி."

மிதித்தாள். வண்டி நேராகப் போனது. வாழைமரங்கள் பின்னால் போயின. காற்று காதுக்குள் புகுந்தது. ரெண்டு நாளாக அவளைப் பிடித்து உலுக்கிய பயம் அந்த அரை நிமிஷம் எங்கோ போய்விட்டது, வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. காலை ஊன்றி நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். கலீல் ரொம்ப தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

வண்டியை உருட்டிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"எப்ப விட்டீங்க?"

"அந்தப் பம்ப்செட்டுக்கு முன்னாடியே விட்டுட்டேன். நீ கவனிக்கவே இல்ல."

அவன் முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியவில்லை.

"கப்பல் என்னிக்கு?"

"எந்தக் கப்பல்?"

"நடிக்காதீங்க. வெள்ளிக்கிழமை ஹபீபுல்லா அண்ணன்கிட்ட சபர்னு சொன்னீங்க. கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

கலீல் விழித்தான். அப்புறம் பாதையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "அட, அது அந்த சபர் இல்ல புள்ள. சபூர். ரெண்டு நாள் சபூர் பண்ணு, பொறுமையா இருன்னு சொன்னேன்."

பயணத்துக்கு ஒரு அரபுச் சொல், பொறுமைக்கு ஒரு அரபுச் சொல். ஓதிப் படித்தவர்கள் வாயில் ரெண்டும் வேறு வேறு. தென்னூர்த் தெருவில் வேகமாகப் பேசும்போது ரெண்டும் ஒன்றாகிவிடும். நசீராவுக்கும் சிரிப்பு வந்தது. வண்டியைச் சாய்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு நாள் பயமும் போய்விட்ட மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அவளுக்குத் தோன்றியது.

"அவரு எதுக்குப் பொறுமையா இருக்கணும்?"

கலீலின் சிரிப்பு நின்றது. புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான்.

"என்னங்க, கேக்கறேன்ல."

"ஹபீபோட கூடப்பொறந்த அண்ணன் பினாங்குல சைக்கிள் கடை வச்சிருக்காரு. ரெண்டு ஆளு வேணுமாம். இனிமே அங்க புதுசா ஆளுங்களை விடமாட்டாங்கன்னு பேச்சு இருக்கு, போனா இப்பவே போகணும். ஹபீபு நாளைக்கு நாகப்பட்டினம் போறான், டிக்கெட் எடுக்க. ஒண்ணா, ரெண்டான்னு நான்தான் சொல்லணும்."

"பாஸ்போர்ட்?"

"வந்துடுச்சு. கடையில வச்சிருக்கேன்."

காது கேட்டது தப்பு. மனசு நினைத்தது சரி.

"எனக்கு எதுவும் முடிவாகல நசீரா. நம்பு. நான் அங்க போனா ஆக்கித் தின்ன முடியுமா, நீ இங்க தனியா சமாளிப்பியா, இதைப் பாத்துட்டுச் சொல்லலாம்னுதான் ரெண்டு நாள் கேட்டேன்."

"பாத்தாச்சா?"

"உங்கத்தா மாதிரி நான் இல்ல. மூணு வருஷம், அவ்வளவுதான்."

"பாத்தாச்சான்னு கேட்டேன்."

அவன் சாய்ந்து கிடந்த சைக்கிளைப் பார்த்தான். "நீ சமாளிப்ப."

ஓட்டத் தெரியாமல் விழுந்திருந்தால், தோசை சொல்ல நாக்கு எழாமல் அழுதிருந்தால், இவன் போகமாட்டான். அது நசீராவுக்குப் புரிந்தது. இப்போதுகூட ஏறி ஒரு தடவை வாய்க்காலுக்குள் விழலாம். அவள் அதைச் செய்யவில்லை.

"சமாளிப்பேன். எங்கம்மா பதிமூணு வருஷமா சமாளிக்கிறாங்க. ஊரே சொல்லுது, ஷரீபா கெட்டிக்காரி, சமாளிச்சுட்டான்னு. நல்லாயிருக்கீங்களான்னு அவங்களை ஒருத்தரும் கேட்டதில்ல. நான் சமாளிப்பேன்கறதுக்காக நீங்க போகாதீங்க. எனக்கு நீங்க வேணும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் என்ன வேணா சொல்லுங்க."

எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். இருட்டுவதற்குள் வீடு திரும்பினார்கள். அன்றைக்குச் சோறு அவள்தான் வடித்தாள். கலீல் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஹபீபுல்லா வந்தார். மறுபடியும் வாசலிலேயே நின்றார். நசீரா மறுபடியும் கதவுக்குப் பின்னால்.

"சொல்லு கலீலு. ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"ஏன்டா, இவ்வளவு தூரம் வந்துட்டு? அழுதுச்சா அந்தப் புள்ள?"

"அழல. அழுதிருந்தா சமாதானம் சொல்லிட்டு வந்திருப்பேன்."

 "சரி, இருந்துக்க" என்றார் ஹபீபுல்லா. அவ்வளவுதான். நசீரா கதவோடு சாய்ந்துகொண்டாள். அப்படியும் முழுசாக நம்பினாளா என்றால், இல்லை.

பத்து நாள் கழித்து ஹபீபுல்லா பெட்டி படுக்கையோடு நாகப்பட்டினம் ரயில் ஏறினார். வழியனுப்பக் கலீல் கிளம்பியபோது, "நானும் வரேன்" என்றாள் நசீரா. ஜங்ஷனில் கூட்டம். கலீல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறி, சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் நின்று என்னவோ பேசிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. அவன் இறங்கவில்லை. கார்டு விசில் ஊதினார். அப்புறம்தான் சாவகாசமாக இறங்கி வந்து ஜன்னல் பக்கம் கையை ஆட்டினான். ரயில் நகர்ந்தது. வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் அது போகிற திசையைப் பார்த்து நின்றார்கள். நசீரா ரயிலைப் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டி தாண்டிப் போகும்வரை, பிளாட்பாரத்தில் ஊன்றியிருந்த கலீலின் ரெண்டு கால்களையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.