இறங்காத தீவு

ஆஸ்டின் டவுன் டீக்கடைப் பெஞ்சில் சிந்திக் கிடந்த டீயில் விரலைத் தொட்டு, நாங்கள் கப்பல்காரன் என்று கூப்பிடும் என் சிநேகிதன் எனக்கு ஓர் உருவம் வரைந்து காட்டினான். வாய் அகலம், கழுத்து ஒடுக்கம், வயிறு மறுபடி அகலம். மீன் பிடிக்கிற பறி. நுழைந்த மீனுக்கு வெளியே வர வழியில்லை. "தீவுல பொம்பளைங்க பின்றாங்க மேஸ்திரி. சாயங்காலம் கரையில உக்காந்துக்கினு, பாட்டு பாடிக்கினே பின்னுவாங்க" என்றான். டீ காய்வதற்குள் அந்த உருவம் என் மண்டைக்குள் ஏறிவிட்டது. மறுநாளே பிரம்பை ஊறவைத்து, நெருப்பில் காட்டி வளைத்து, பறியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளே ஒரு பல்பை மாட்டினேன். சுவரெல்லாம் நிழலில் வலை விழுந்தது. என் கடைக்குப் பெயர் வாங்கித் தந்த விளக்கு அதுதான்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தர்மபுரிப் பக்கம் வறண்ட பூமியில் பிறந்து, மீனைச் சந்தையில் மட்டுமே பார்த்தவன். நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் கூலியாக இந்த ஊருக்கு வந்தேன். இன்று சொந்தக் கடை, சொந்தப் பட்டறை, மாடி வீடு. பெரிய படிப்புப் படித்தவர்கள் எனக்காகக் காத்திருந்து பேசிவிட்டுப் போகிறார்கள். யார் தயவும் இல்லை என்று மார்தட்டிச் சொல்வேன். ஆனால் ஓர் ஆளை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்வேன். இந்த உருவம் ஒரு தீவிலிருந்து வந்தது, என் சிநேகிதன் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், கப்பல் பழுதாகி ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே தங்கியவன் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன்.

மேற்குக் கடலில், சுற்றுலாக்காரர்கள் அதிகம் அறியாத தீவு. விளக்கு வாங்கியவர்கள் வழி கேட்க ஆரம்பித்தார்கள். மல்லேஸ்வரத்தில் மண்பாத்திரம் செய்யும் ஓர் அம்மாள், அந்தப் பெண்களிடம் தங்கிப் பின்னல் கற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வழியே தெரியாமல் இத்தனை பேரிடம் பேசியிருக்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. முதலில் நான் போய் வருகிறேன் என்று, அந்தப் பெண்களுக்குக் காட்ட ஒரு விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போன வருடம் புறப்பட்டேன். "வேணாம் மேஸ்திரி, இந்த வயசுல கடலு ஒத்துக்காது" என்று கப்பல்காரன் தடுத்தான். அன்பு என்று நினைத்தேன்.

கப்பல்காரன் சொல்லியிருந்த தீவின் பெயரைக் கேட்டதும் கரையில் படகுக்காரர் சிரித்தார். "அல்லி யாரூ இல்ல, ஸ்வாமி." யாருமே இல்லையாம். நம்பாமல் ஏறி உட்கார்ந்தேன். போய் இறங்கினால் பாறை, புதர், எப்போதோ யாரோ விட்டுப்போன ஆடுகள். குடிசை இல்லை, கிணறு இல்லை. எந்தக் காலத்திலும் அங்கே ஆள் குடியிருந்ததில்லை என்றார் அவர். விளக்கை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆடு வந்து முகர்ந்து பார்த்து, தின்ன லாயக்கில்லை என்று திரும்பிப் போயிற்று.

ஊர் திரும்பியதும் நேரே விவேக் நகரில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். "என்னய்யா, அங்க ஆடு மேயுது" என்றேன்.

அவன் பதறவில்லை. "எறங்கவே வுடல மேஸ்திரி. எந்த ஊர்லயும் எறங்க வுடல. சமையக்கட்டு சன்னல்லேர்ந்து பாத்தேன். பச்சையா ஒரு கோடு. அவ்ளோதான்."

"அப்ப பறி?"

"எங்கம்மா பின்னுனது. ஏரிக் கால்வாய்ல வெப்பாங்க."

"அத சொல்றதுக்கு என்னா கேடு?"

"கால்வாய்னு சொல்லியிருந்தா நீ திரும்பிப் பாத்திருப்பியா? தீவுன்னேன். டீ வாங்கிக் குடுத்து கேட்ட."

எழுந்து வந்துவிட்டேன். அவன் சொன்னது சரியா தப்பா என்று இன்றும் யோசிக்கிறேன், சரியாகவே இருக்கலாம். ஆனால் அவன் என்னை மட்டும் ஏமாற்றவில்லை. என் வாயை எடுத்து ஊருக்கெல்லாம் பொய் சொல்லியிருக்கிறான். படிப்பில்லாத எனக்கு என் சொல்தான் கைமுதல். சொன்ன நாளில் சாமான் போகும், சொன்ன பிரம்புதான் இருக்கும். மல்லேஸ்வரத்து அம்மாளிடம் போய் அங்கே யாருமில்லை என்றேன். "அப்போ இவ்ளோ நாளா நீங்க சொன்னது?" என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கம் வரவில்லை. நானும் கப்பல்காரனோடு பேசவில்லை.

போன மாதம் டீக்கடையைக் கடக்கும்போது அவன் குரல் கேட்டது. ஐ.டி. வேலை பார்க்கிற இரண்டு இளைஞர்களுக்கு நடுவே உட்கார்ந்து, கரையில் வரிசையாக உட்கார்ந்து பின்னும் பெண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்துவான் என்று நினைத்தேன். "தோ, மேஸ்திரியே வர்றாரு. நேர்ல போய்ப் பாத்தவரு. கேட்டுக்கோங்க" என்றான்.

"அப்படியா அங்கிள்? லீவுக்கு நாங்க போலாமா?" என்றான் ஒருவன்.

கப்பல்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும், அந்த இடத்திலேயே அவன் மானம் போயிருக்கும்.

"போனேன்" என்றேன். "தங்க எடம் கெடையாது, குடிக்கத் தண்ணி கெடையாது. வேற ஊரு பாருங்க தம்பி."

கப்பல்காரன் மூச்சு விட்டான். பெஞ்சில் நகர்ந்து, பக்கத்தில் துண்டால் தட்டி இடம் பண்ணினான். "உக்காரு மேஸ்திரி" என்றான்.

நான் உட்காரவில்லை.